மறுகா

ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு
எங்கள் பக்கம் பாதை என்று பேர்.
மண்டூரில் ஏறி குருமண்வெளியில் இறங்கி
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு
ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் போகிறேன்.
காய்ச்சல் இல்லை. சீனி இல்லை. பிரசர் இல்லை.
கதைக்கப் போகிறேன்.

கிளினிக் கொப்பியில்
பூபாலப்பிள்ளை புவிதரன், வயது நாற்பத்து மூன்று.
தொழில் என்ற இடத்தில்
வெட்டுமெசின் ஓட்டுநர் என்று சொல்ல
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
சாவியைத் தொட்டு எட்டு மாதம்.

இந்துமதி நூல் கட்டுவித்தாள்.
மச்சான் கடன் என்றான்.
பக்கத்து வளவில் கண்ணூறு என்றார்கள்.
மெசின் முதலாளி போனில் சொன்னது
இங்கே எழுதக் கூடாதது.
எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது,
என்னிடம் மட்டும் இல்லை.
சோறு ஈரமண் போல இருந்தது, அவ்வளவுதான்.
காலையில் எழும்பிச் செருப்பைத் தேடுவது
ஒரு போகம் முழுக்க வெட்டி முடிக்கும் வேலை.

டொக்டர் குளிசை எழுதினார். அதையும் போடுகிறேன்.
மறுகா பதினோராம் அறைக்கு அனுப்பினார்.

அங்கே நிரஞ்சலா மிஸ். ஊர் வவுனியா.
என்னைவிடப் பதினைந்து வயது குறைவு.
முதல் நாள் நான் கதைத்தது மின்விசிறியைப் பற்றி:
"இது பெயறிங் போன சத்தம்."
"பிறகு?" என்றா.
பிறகு ஒன்றுமில்லை, முக்கால் மணித்தியாலம்.

ஒரு தாள் தந்தா.
தினமும் செய்த ஒரு காரியத்தை எழுதி
பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.
திங்கள்: முகம் கழுவினேன். இரண்டு.
செவ்வாய்: ஒன்றுமில்லை.
புதன்: கோழிக்குத் தவிடு. மூன்று. கோழிக்கு ஒன்பது இருக்கும்.
"ஒன்றுமில்லை என்று எழுத
பேனை எடுத்தீங்கள்தானே" என்றா.
எனக்கு அது பிடிக்கவில்லை.
படிப்பித்துவிட்ட வித்தை மாதிரி இருந்தது.
பாதையில் வரும்போது தாளைக் கப்பலாய் மடித்தேன்,
விடவில்லை, பொக்கற்றுக்குள் வைத்தேன்.

நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ,
"அப்பா போனதோடதான் தொடங்கினது போல" என்றா.
"இல்ல."
என் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.
வெளியே வாங்கிலிருந்த கிழவர் எட்டிப் பார்த்தார்.
எட்டு மாதத்தில் நான் உரத்துச் சொன்ன முதல் சொல்.
மிஸ் குறிப்பில் எதையோ வெட்டினா.
"அப்ப நான்தான் பிழை. நீங்க சொல்லுங்கோ."

இத்தனை நாளும் என்னைச் சுற்றி
எல்லோரும் சரியாகவே இருந்தார்கள்.
முதல் தடவையாக ஒரு ஆள் பிழைத்தா.
அந்த இடத்தில் நானும்
கொஞ்சம் பிழைத்தேன்.

சொன்னேன்.
வெல்லாவெளிக் கண்டம், விடிய ஆறு மணி.
மெசினில் ஏறி இருந்தநான், சாவி கையில்.
முன்னுக்குக் கதிர் சாய்ந்து கிடக்கு.
பின்னுக்குக் கொக்குகள்,
மெசின் நகர்ந்தால் கிளம்புகிற பூச்சிக்கு
வழமைபோல வரிசையாய் வந்து நிற்கு.
சாவியைத் திருக வேண்டும். கை தெரியும், வேலை தெரியும்.
இரண்டுக்கும் நடுவில் யாரோ கம்பியைக் கழற்றினாப்போல.
ஏழு மணி. எட்டு மணி.
கொக்குகள் ஒன்றொன்றாய்ப் போயிற்று,
கடைசிக் கொக்கு போகும்போது திரும்பிப் பார்த்த மாதிரி...
"மறுகா?" என்றா.

வவுனியா வாயில் எங்கள் ஊர்ச் சொல்.
'று' கொஞ்சம் அதிகமாய் அழுந்திற்று.
என்னிடமிருந்து எப்போது பொறுக்கினாவோ.
சிரித்தேன் என்று சொல்லமாட்டேன்,
வாயோரம் எதுவோ அசைந்தது.
மறுகா அழுதேன். அதற்கு எத்தனை போடுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.

மெசின் இன்னும் ஓடவில்லை.
போன கிழமை தூசி தட்டினேன். நாலு.

பாதைக்காரன் கேட்டான், "எங்க போய் வாறீங்க?"
"கதைக்கப் போனநான்."
"கதைக்கவா? காசு எடுக்கிறாங்களா?"
"இல்ல. கேட்கிறாங்க."
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.
அப்புறம், தன் மகள் கட்டாரிலிருந்து
மூன்று மாதமாய்ப் போன் எடுக்கவில்லை என்று தொடங்கினான்.
நான் தண்ணீரைப் பார்த்தபடி,
"மறுகா?"

பாதிக் கதையில் கரை வந்துவிட்டது.
மோட்டார்சைக்கிள்கள் உறுமின.
மிச்சம் அடுத்த வியாழன் இல்லை,
அதற்கடுத்த வியாழன்.